பிரிக்காத பொட்டலம்

எங்கள் வீட்டில் ஒரு விஷயம் பேசித் தீராது என்று தெரிந்துவிட்டால் பூக் கேட்கப் போய்விடுவோம். சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வமான ஆத்தாளின் முன்னால் வாழை இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களை வைப்போம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அக்காவை எந்த ஊரில் கொடுப்பது, கறவை மாட்டை விற்கலாமா, போர்வெல் எந்த மூலையில் போடுவது, எல்லாம் இப்படித்தான் முடிவானது. போர் போட்ட இடத்தில் புழுதிதான் பறந்தது. அதற்காக ஆத்தாளை யாரும் குறை சொல்லவில்லை. "தண்ணி இருக்குதான்னு கேட்டோம், இருக்குதுன்னு சொன்னா. எத்தன அடியிலன்னு நாமதான் கேக்கல" என்று அப்பா முடித்துவிட்டார். இந்த நியாயத்தைக் கல்லூரியில் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அறிவியல் படிக்கிறவள் சிரிக்காமல் இருந்தால் எப்படி?

அப்படிச் சிரித்தவள்தான், எம்.எஸ்சி.யோடு நிறுத்துவதா பிஎச்.டி. சேருவதா என்ற முடிவை வாய் திறந்து சொல்லத் துணிவில்லாமல் அந்த இரண்டு பூக்களிடம் விட்டேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பிஎச்.டி. என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். டிகிரி முதல் வருடத்தில் பொம்மிடிப் பக்கமிருந்து முதல் வரன் வந்தது. பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கல்யாணம் என்றாலே ஓடிவிடத் தோன்றியது. "நான் மேல படிக்கணும்" என்றேன். "எவ்வளவு மேல?" என்று அப்பா கேட்டார், மலையேறப் போகிறவளைக் கேட்பதுபோல. "பிஎச்.டி. வரைக்கும்" என்றேன். எனக்குத் தெரிந்ததில் பெரிய படிப்பு அதுதான். அதற்கும் மேலே ஒன்று இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

வரன்காரர்கள் போய்விட்டார்கள். நல்ல குடை கிடைத்ததென்று வைத்துக்கொண்டேன். அதன் பிறகு எந்தப் பக்கம் தூறல் விழுந்தாலும் அதையே விரித்தேன். பாப்பிரெட்டிப்பட்டி மளிகைக்கடைக்காரர் ஒரு பையனைப் பற்றிப் பேச்செடுத்தால் பிஎச்.டி., பெரியம்மா ஜாதகம் கேட்டால் பிஎச்.டி. அப்பாவுக்கு இது விளையாட்டுப் பேச்சு என்று பாதி சந்தேகம் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. அம்மா நம்பினாள். பால் ஊற்றப் போகும் இடத்தில், நூறு நாள் வேலையில், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தியிடம்கூட, "எம் பொண்ணு ஆராய்ச்சி பண்ணப் போவுது" என்று சொல்லி வைத்தாள். "எதப் பத்தி?" என்று கேட்டால், "அது அவுங்களுக்குத்தான் தெரியும்" என்பாளாம், எனக்கே மரியாதை போட்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அப்படித்தான்.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் ஒரு ஆய்வு வேலை செய்ய வேண்டும். எனக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, கொடுத்தார்கள். இலையில் மஞ்சள் மஞ்சளாய்த் திட்டு விழுமே, அந்தத் தேமல் நோய். எங்கள் காட்டிலேயே கிழங்கு உண்டு என்பதால் எனக்குப் பொருத்தம் என்று நினைத்துவிட்டார்கள். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். இலையை அரைக்கச் சொன்னால் அரைப்பேன், அளக்கச் சொன்னால் அளப்பேன், அளந்ததைக் கோடு போட்டு எழுதுவேன். எல்லோரிலும் என் மேசைதான் சுத்தம் என்று எங்கள் மேடம் சொல்வார். அவர்தான் எனக்கு வழிகாட்டி.

ஒரு நாள் என் அட்டவணைகளைப் பார்த்துவிட்டு மேடம் நாற்காலியைத் திருப்பினார்.

"எல்லாம் சரியா இருக்கு. இதுல உனக்கு என்ன கேள்வி வந்துச்சு?"

"கேள்விங்களா மேடம்?"

"இவ்வளவு செடியைப் பார்த்திருக்க. ஏன் இது இப்படி இருக்குன்னு ஒரு இடத்துலயாவது தோணியிருக்கும்ல. அதைச் சொல்லு."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. மத்தியானம் விடுதியில் புளிசாதமா தக்காளி சாதமா என்ற கேள்வி மட்டும் வந்தது. என் பக்கத்தில் நின்ற பெண் ஒரு செடியின் அடி இலைக்கும் நுனி இலைக்கும் நோய் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று மூச்சு விடாமல் பேசினாள். அவள் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவள் இதிலேயே இருக்கிறாள். நான் வந்துபோகிறேன்.

அதில் எனக்குத் துக்கம்கூட இல்லை. அந்த மாதமே ஓசூரில் ஒரு உணவுப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்து ஆள் எடுத்தார்கள். என்னை எடுத்துக்கொண்டார்கள். மிளகாய்த்தூள், எண்ணெய், பால் என்று மாதிரி வரும். சோதித்து, வந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் அறைக்குப் போய்விடலாம். எனக்கென்றே செய்த வேலை என்று தோன்றியது. மனசுக்குள் ஓசூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தே விட்டேன். அடுத்த வாரமே மேடம் கூப்பிட்டு, தன்னிடம் உதவித்தொகையோடு ஒரு பிஎச்.டி. இடம் இருப்பதாகச் சொன்னார். "மேசை சுத்தமா வச்சிருக்க. கேள்வி போகப்போக வரும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய், எம்.எஸ்சி.யே போதும், ஓசூர் போகிறேன் என்று சொல்லிவிடுவது என்றுதான் பொம்மிடியில் ரயிலிறங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. அதியமான்கோட்டையிலிருந்து ஒரு வரன். பையன் எம்.இ. படித்துவிட்டு வேலையில் இருக்கிறான். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"எம்.எஸ்சி.ன்னா சரியா இருக்கும்னு சொல்றாங்க. அதுக்கு மேல போனா பையன விட ஒசந்துடும், அப்பறம் சரிப்படாதுங்கறாங்க. அதுலயும் ஒரு நாயம் இருக்குதில்ல" என்றார் அப்பா.

"அவுங்க பையன் ஒசரத்துக்கு நம்ம புள்ளைய வெட்டி வக்கிறதாங்க?" என்றாள் அம்மா.

அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அம்மா விடவில்லை. "நாலு வருசமா ஒரே வார்த்தயச் சொல்லிக்கிட்டு இருக்குது. ஒரு தடவ மாத்திச் சொல்லியிருக்குதா, நீங்களே சொல்லுங்க. அதுக்கு எவ்வளவு ஆச இருந்தா அப்படி இருக்கும்."

நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் தலையைத் தூக்கி, அம்மா, எனக்கு ஆசை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அம்மா அப்பா முன்னால் தோற்றுப்போவாள். நாலு வருடமாக ஊரெல்லாம் சொன்னவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்காகப் பார்த்த மாதிரி எழுதுகிறேன். உண்மையில் என் பொய்க்குடை கிழிவதை நான் பார்க்க விரும்பவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க பாத்து எது சொன்னாலும் சரி" என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அப்ப பாப்பா மேல படிக்கலாமான்னு பூக் கேட்டுடலாம்" என்றார் அப்பா.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது. சிவப்பு வந்துவிட்டால் அம்மா ஆத்தாளால்தான் தோற்பாள், என்னால் அல்ல. அதியமான்கோட்டைக்காரர்களை ஓசூர் வேலையைக் காட்டி ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்று அடுத்த குடையையும் அதற்குள் தயார் செய்துவிட்டேன். சாமி கும்பிடும் வழக்கம் அதிகமில்லாத நான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் செவ்வரளி, செவ்வரளி என்று வேண்டிக்கொண்டே போனேன்.

பொட்டலம் கட்டுவது எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான். எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இலைத் துண்டை மடித்து வாழைநாரால் கட்டி, முந்தானையில் போட்டுக் குலுக்கி எடுத்துத் தருவாள். அன்றும் அப்படியே செய்தாள். பூசாரி வாங்கி ஆத்தாள் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அக்கா மகளை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அவள் இடது பக்கம் இருந்ததை எடுத்து நீட்டினாள். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை.

அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அங்கேயே வேப்பமரத்தடிக்குப் போய் அதியமான்கோட்டைக்கு போன் போட்டு, "உத்தரவு வேற மாதிரி வந்துடுச்சிங்க. பாப்பா படிக்கட்டும்னு ஆத்தாளே சொல்லிட்டா. மனசுல வச்சிக்காதீங்க" என்றார். தான் ஆசைப்பட்ட ஒன்றை அவ்வளவு மரியாதையாக விட்டுக்கொடுக்க அவரால் முடிந்தது. எனக்கோ கண் நிறைந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று அக்கா என் முதுகைத் தட்டினாள்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. பிரித்துப் பார்த்தால் ஆத்தாளை நம்பவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பாழுங்கிணற்றில் போட்டுவிட வேண்டும். யாருக்காகக் கேட்டோமோ அவர்கள்தான் போட வேண்டும். பூசாரி அதை என் கையில் கொடுத்தார்.

கிணற்றுக்குப் போனேன். உள்ளே முள்ளும் பிளாஸ்டிக் பாட்டிலும் கிடந்தன. பொட்டலத்தைப் போட மனசு வரவில்லை. எனக்குக் கிடைக்காமல் போன அந்தச் சிவப்பை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. தவறவிட்ட ரயிலின் பின்புறத்தைப் பார்க்கிற ஆசைதான். நாரை இழுத்தேன்.

உள்ளே வெள்ளை அரளி.

முதலில் எனக்கு விளங்கவே இல்லை. பூ வெளுத்துவிட்டதோ என்று காம்பைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் பின்னால் காலடி கேட்டது. அம்மா.

என் கையில் இருந்ததைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளையைப்போல முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"பிரிக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு" என்றாள் மெதுவாக.

"என்னம்மா இது?"

"கெணத்துல போடு மொதல்ல."

போட்டேன். முள்ளில் தங்கி நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கிட்ட சொல்லிடாத. செவப்பு வந்துட்டா நீ எப்படித் தாங்குவ? நாலு வருசம் ஆசப்பட்டது. அதான் ரெண்டுலயும்... தப்புதான். ஆத்தா கிட்ட நான் பேசிக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காம போய்ப் படி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே அப்பா இல்லை, அக்கா இல்லை, யாருமே இல்லை. மழைக்குக்கூடக் கோயிலில் ஒதுங்கத் தயங்கி, கால் கழுவிவிட்டுத்தான் ஏறுகிறவள் என் அம்மா. அவள் எனக்காகத் தன் சாமியையே ஏமாற்றியிருக்கிறாள். நான் வேண்டாம் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்த ஒன்றுக்காக. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சரிம்மா" என்றேன். அந்தச் சரிம்மாவை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓங்கி அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஓசூர்க்காரர்கள் கொடுத்த கெடு ஒரு திங்கட்கிழமை முடிந்தது. நான் பதில் போடவில்லை. மேடத்திடம் போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்றேன்.

இப்போது மூன்றாம் வருடம் நடக்கிறது. மேசை சுத்தமாகத்தான் இருக்கிறது. கேள்வி போகப்போக வரவில்லை. ஆய்வுக்குழு முன்னால் நின்று நான் காட்டும் படங்களை எல்லாம் அவர்கள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்று கேட்பார்கள். அப்புறம் எனக்கு ஒன்றும் இருக்காது. அன்று அடி இலை, நுனி இலை என்று பேசிய பெண்ணுக்கு மேடத்திடம் இடம் கிடைக்கவில்லை. அந்த வருடம் இருந்தது ஒரே இடம்தான், அதில் நான் இருந்தேன். அவள் இப்போது அரூரில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். எப்போதாவது வாட்ஸப்பில் ஒரு இலையைப் படம் எடுத்து அனுப்பி, "இது ஏன் இப்படி?" என்று கேட்பாள். நான் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்திருக்கிறேன்.

வீட்டிலோ என் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. எம்.எஸ்சி. என் கையில் இருக்கிற பட்டம், பிஎச்.டி. வீட்டார் வாயில் இருக்கிற பட்டம். அக்கா மகளுக்குக் காது குத்தியபோது பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் அதையும் அடைப்புக்குறி போட்டு அச்சடித்துவிட்டார் அப்பா. "அடைப்புக்குறிய அப்பறம் எடுத்துக்கலாம்" என்றார். ஆத்தாளே உத்தரவு கொடுத்த படிப்பு என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார். அவர் சொல்லும்போது அம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள்.

அந்தக் காதுகுத்தில்தான் நான் அதைக் கவனித்தேன். எல்லோரும் கோயிலுக்குள் போனோம். அம்மா வாசல் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். "கூட்டமா இருக்குது. நான் இங்கயே கும்புட்டுக்கறேன்" என்றாள். கூட்டம் என்று ஒன்றும் இல்லை, நாங்கள்தான் இருந்தோம். அக்காவிடம் கேட்டேன். "இப்ப கொஞ்ச நாளாவே அப்படித்தான். முட்டி வலிங்குது" என்றாள். உள்ளே ஆத்தாளுக்குத் தீபாராதனை காட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றிருந்தாள். சன்னதியிலிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியாது. என் பொய்க்காக அவள் ஒளிந்து நிற்கிறாள் என்று அப்போது தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானம் நான் பட்டதில்லை.

போன மாதம், பிஎச்.டி.யை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. மேடத்திடம் முதலில் சொன்னேன். அவர் என் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, "வீட்ல சொல்லிட்டு வா" என்றார்.

வீட்டுக்குப் போனபோது அப்பா பொம்மிடிக்கு உரம் வாங்கப் போயிருந்தார். அம்மா வாசலில் சாக்கு விரித்து, புளியைக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் தட்டினோம். பிறகு சொன்னேன். இப்போது வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அப்போதே வேண்டாம் என்றுதான் இருந்தேன், வரன் வரக்கூடாது என்று சொன்ன பேச்சு அது, பூக் கேட்கப் போன அன்றைக்குச் சிவப்பு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புளியையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கட்டை நின்றது. அம்மா கையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா" என்றேன். அத்தனையும் சொன்ன பிறகும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டுலயும் செவப்ப வச்சிருப்பேனே பாப்பா" என்றாள். "ஆத்தாகிட்ட எனக்கு ரெண்டும் ஒரே தப்புதான்."

தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா மறுபடி கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று தெரிந்தது. நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, வாசல் படலைத் திறக்க எழுந்து போனேன்.